பழைய ஹோண்டா சிவிக்குக்கு எந்த எஞ்சின்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1992 முதல் 2000 வரை வட அமெரிக்காவில் விற்ற ஹோண்டா சிவிக் கார்களுக்கு எஞ்சின் மாற்ற நினைப்பவர்களுக்கான பக்கம் இது. 1992–95 வண்டிகள் ஐந்தாம் தலைமுறை, 1996–2000 வண்டிகள் ஆறாம் தலைமுறை. தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டி என்பதை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பந்தயத்துக்கு மட்டும் கட்டும் வண்டிக்குச் சில பதில்கள் மாறும்.

குறியீடுகள் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் ஒரே மாதிரி "பி" என்றே வரும். இங்கே "ஈசியூ" (எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி) என்று சேர்ந்து வரும் பி28, பி72, பி75 போன்றவை பதினாறாம் எழுத்து. எஞ்சின் பெயரில் வரும் பி16, பி18, பி20 ஆகியவை இரண்டாம் எழுத்து. பாகம் தேடும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என் வண்டியில் இப்போது இருப்பது என்ன எஞ்சின்?

ஐந்தாம் தலைமுறையில் சிஎக்ஸ் வண்டிக்கு டி15பி8 (70 குதிரைத்திறன்), டிஎக்ஸ், எல்எக்ஸ் வண்டிகளுக்கு டி15பி7 (102), விஎக்ஸ் வண்டிக்கு டி15இசட்1 (92), இஎக்ஸ், எஸ்ஐ வண்டிகளுக்கு டி16இசட்6 (125). ஆறாம் தலைமுறையில் சிஎக்ஸ், டிஎக்ஸ், எல்எக்ஸ் மூன்றுக்கும் டி16ஒய்7 (106), எச்எக்ஸ் வண்டிக்கு டி16ஒய்5 (115), இஎக்ஸ் வண்டிக்கு டி16ஒய்8 (127). 1999–2000 எஸ்ஐ கூப்பேயில் மட்டும் 160 குதிரைத்திறன் பி16ஏ2. கனடாவில் அதே வண்டி எஸ்ஐஆர் என்று விற்றது.

பின்கதவில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பாதீர்கள். இருபத்தைந்து, முப்பது வருடத்தில் எத்தனை கை மாறியதோ. பானெட்டைத் திறந்து, பிளாக்கின் முன்பக்கம் கியர்பாக்ஸோடு சேரும் இடத்துக்கு அருகே பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். அழுக்கைத் துடைக்க ஒரு துணியும் பிரேக் கிளீனரும் போதும்.

வண்டி இழுக்கவில்லை. எஞ்சினை மாற்றத்தான் வேண்டுமா?

முதலில் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். எஞ்சின் நல்ல சூட்டில் இருக்க வேண்டும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டி, பற்றவைப்பையும் எரிபொருளையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரை ஓட்டுங்கள். ஹோண்டா சொல்லும் குறைந்தபட்ச அளவு 135 பிஎஸ்ஐ. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 28 பிஎஸ்ஐக்கு மேல் போகக்கூடாது. குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

நான்கும் நன்றாக இருந்து வண்டி மட்டும் மந்தமாக இருந்தால் எஞ்சின் மேல் பழி போடாதீர்கள். அடைத்துப்போன கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், பல வருடமாக யாரும் தொடாத வால்வு இடைவெளி, ஒரு பல் தள்ளிப் பூட்டிய டைமிங் பெல்ட், வழுக்கும் கிளட்ச், இந்த நான்கையும் பார்த்த பிறகே அடுத்த பேச்சு.

பாடியையும் அப்போதே பாருங்கள். சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் இந்த வண்டிகளின் பின்சக்கர வளைவும் கதவுக்குக் கீழே இருக்கும் சட்டமும் முதலில் அரிக்கும். அங்கே ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால் புது எஞ்சினுக்குப் பணம் போட வேண்டாம்.

இந்த வண்டிக்குள் எந்தெந்த எஞ்சின்கள் உட்காரும்?

நான்கு குடும்பங்கள். டி: இப்போது இருப்பதன் சொந்தக்காரர்கள். பி: இன்டெக்ரா (ஹோண்டா தன் அக்யூரா பெயரில் விற்ற கார்), எஸ்ஐ, சிஆர்-வி வண்டிகளில் வந்தவை. எச்: பிரெலூடில் வந்தவை. கே: 2002க்குப் பின் வந்த ஆர்எஸ்எக்ஸ், டிஎஸ்எக்ஸ், அக்கார்டு, புதிய சிவிக் எஸ்ஐ வண்டிகளில் வந்தவை. 1994–2001 இன்டெக்ராவும் இந்த சிவிக்கும் அடிப்படையில் ஒரே கட்டமைப்பு என்பதால் பி குடும்பம் ஹோண்டாவின் சொந்தப் பாகங்களை வைத்தே உட்காரும். எச், கே இரண்டுக்கும் வெளியார் தயாரிக்கும் மவுண்ட் (எஞ்சினைப் பாடியோடு தாங்கும் பிடிப்பு) வேண்டும்.

வேலைக்குப் போகும் வண்டிக்கு எங்கள் பரிந்துரை: செலவைச் சுருக்க வேண்டுமென்றால் டி16, கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் பி18பி1. மற்றவை ஆசைக்கு.

டி15 வண்டியில் டி16இசட்6 வைப்பது எவ்வளவு சுலபம்?

எல்லா மாற்றங்களிலும் மிகச் சுலபமானது இதுதான். மவுண்ட், கியர்பாக்ஸ், ஆக்ஸில், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் பழையதே. மாறுவது எஞ்சின், ஈசியூ, இரண்டு ஒயர். பி28 ஈசியூ வைத்து, விடெக் (உயரச் சுற்றும்போது வால்வை அதிகம் திறக்கும் ஏற்பாடு) சொலினாய்டுக்கு ஒரு ஒயர், விடெக் அழுத்த ஸ்விட்ச்சுக்கு ஒரு ஒயர் புதிதாக இழுக்க வேண்டும். டிஎக்ஸ் வண்டியின் ஒயரிங்கில் இவை இரண்டும் இல்லை.

70 அல்லது 102 குதிரைத்திறனிலிருந்து 125க்கு வரும்போது ஏற்றத்திலும் நெடுஞ்சாலையில் சேரும்போதும் வித்தியாசம் காலுக்கே தெரியும். சாதாரண பெட்ரோல் போதும். இன்சூரன்ஸிடம் விளக்குவதும் எளிது, ஏனென்றால் அதே வருட சிவிக்கில் தொழிற்சாலையே வைத்துத் தந்த எஞ்சின் இது.

ஆறாம் தலைமுறை வண்டிக்கு இதே இடத்தில் டி16ஒய்8. தலைமுறையைக் கலக்காமல் எடுத்தால் டிஸ்ட்ரிபியூட்டர் பிளக் முதல் சென்சார் வரை எல்லாம் பொருந்தும். கலந்தால் ஒவ்வொரு பிளக்காக வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும்.

பி16, பி18பி1, பி18சி1: மூன்றில் எது?

அதிகம் பேர் கேட்பதும், அதிகம் பேர் தவறாகத் தேர்ந்தெடுப்பதும் இங்கேதான். குதிரைத்திறன் எண்ணை மட்டும் பார்த்தால் பி18சி1 (இன்டெக்ரா ஜிஎஸ்-ஆர், 170), பி16ஏ2 (160), பி18பி1 (இன்டெக்ரா எல்எஸ், 140 சுற்றி) என்று வரிசை வரும். தினசரி ஓட்டத்துக்குக் கடைசியில் நிற்பதே முதலுக்கு வரும்.

மூன்றுக்கும் சிலிண்டர் விட்டம் 81 மி.மீ. பிஸ்டன் ஓடும் நீளம் மட்டும் வேறு: பி16க்கு 77.4, பி18சி1க்கு 87.2, பி18பி1க்கு 89 மி.மீ. குட்டை ஓட்டம் கொண்ட பி16 உயரச் சுற்றினால்தான் உயிர் பெறும். காலை நெரிசலில் 2,500 ஆர்பிஎம்மில் உருண்டுகொண்டிருக்கும்போது அந்த 160ல் பாதி கூடக் கையில் இருக்காது. பி18பி1 கீழிருந்தே இழுக்கும்.

அடுத்தது கியர்பாக்ஸ். எஞ்சினோடு சேர்த்து வாங்குவது இதையும்தான். ஐந்தாவது கியர் விகிதம் எல்எஸ் பெட்டியில் 0.742, ஜிஎஸ்-ஆர் பெட்டியில் 0.787, எஸ்ஐ பெட்டியில் 0.848. இறுதி விகிதம் எல்எஸ் 4.266, மற்ற இரண்டும் 4.400. 185/60 ஆர்14 டயர் போட்டு மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் போனால் எல்எஸ் பெட்டியில் சுமார் 3,200 ஆர்பிஎம், ஜிஎஸ்-ஆர் பெட்டியில் 3,500, எஸ்ஐ பெட்டியில் 3,770. தினம் ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அந்த 570 ஆர்பிஎம் காதில் இரைச்சலாகவும் பெட்ரோல் பில்லாகவும் வந்து சேரும். பி18சி1 எஞ்சினுக்கு எல்எஸ் கியர்பாக்ஸைப் பூட்டுவதும் நல்ல யோசனை. மேலே வேகம் எடுப்பதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஐந்தாவது கியரில் நிம்மதி பெறலாம்.

மூன்றாவது பெட்ரோல். பி16ஏ2, பி18சி1 இரண்டும் கம்ப்ரெஷன் விகிதம் 10க்குக் குறையாதவை. பிரீமியம் பெட்ரோல் கேட்கும். பி18பி1 9.2 விகிதம், சாதாரண பெட்ரோலில் ஓடும். அதற்கு விடெக் ஒயரிங்கும் கிடையாது. வருடம் முழுக்க ஓடும் வண்டிக்கு இது சின்ன விஷயமே இல்லை.

சிஆர்-வி பி20 எஞ்சின் இரண்டு லிட்டராச்சே?

ஆமாம், 84 மி.மீ. விட்டம், 89 மி.மீ. ஓட்டம், 1,973 சிசி. 1997–98ல் வந்த பி20பி 126 குதிரைத்திறன், 1999–2001ல் வந்த பி20இசட் 146. கீழ்ச்சுற்றில் நல்ல இழுவை. ஆனால் 81க்குப் பதில் 84 மி.மீ. துளைத்ததால் சிலிண்டர் சுவர் மெல்லியது. சூடேறிக் கொதித்த வரலாறு உள்ள பி20ஐ வாங்கவே வேண்டாம். 8,000 ஆர்பிஎம் சுற்ற வேண்டும் என்று விடெக் ஹெட்டை இதன்மேல் பூட்டும் வேலையும் தினசரி வண்டிக்கு வேண்டாத தலைவலி. சிஆர்-வியின் கியர்பாக்ஸ் உதவாது. இன்டெக்ரா கியர்பாக்ஸ் தனியாக வாங்க வேண்டும்.

பி எஞ்சினோடு வேறு என்னென்ன வாங்க வேண்டும்?

எஞ்சின் விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இறங்கினவர்களின் வண்டிகள்தான் மாதக்கணக்கில் ஜாக் மேல் நிற்கின்றன. டி எஞ்சினின் கியர்பாக்ஸ் பி பிளாக்கோடு சேராது. அதிலிருந்தே பட்டியல் நீளும்:

ஹைட்ராலிக் கிளட்ச் கொண்ட கியர்பாக்ஸ், ஃப்ளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டர். 1994–2001 இன்டெக்ராவின் இரண்டு ஆக்ஸில்கள், அவற்றோடு பிளாக்கில் பூட்டும் இடைத்தண்டு. கியர் மாற்றும் தண்டுகள் இரண்டும் (சிவிக்கின் பழைய தண்டு பொருந்தாது). பின் மவுண்டுக்கான டீ வடிவ பிராக்கெட். டைமிங் பக்க மவுண்டும் அதன் பிராக்கெட்டும். ஏசி கம்ப்ரெசர், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்ப் ஆகியவற்றின் பிராக்கெட்டுகள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அதன் கீழ்க்குழாயும். மேல், கீழ் ரேடியேட்டர் ஹோஸ். ஈசியூ.

இரண்டு இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒன்று, டைமிங் பக்க பிராக்கெட்டில் இரண்டு போல்ட், மூன்று போல்ட் என்று இரு வகை உண்டு. மவுண்ட் வாங்கும் முன் எண்ணிப் பாருங்கள். இரண்டாவது, 1990–93 இன்டெக்ராவின் கியர்பாக்ஸ் கேபிள் கிளட்ச் வகை. விலை குறைவாகக் கிடைக்கும், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் 1992க்குப் பின் வந்த சிவிக்கின் ஹைட்ராலிக் கிளட்ச்சோடு நேராகச் சேராது. ஸ்லேவ் சிலிண்டர் பூட்டும் இடம் பெட்டியில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இத்தனையும் தனித்தனியாகத் தேடுவதைவிட, மோதி நொறுங்கிய ஒரு முழு இன்டெக்ராவை வாங்குவது பெரும்பாலும் லாபம். ஒவ்வொரு போல்ட்டும் பிராக்கெட்டும் அதிலேயே இருக்கும். வேலை முடிந்ததும் மிச்சத்தை விற்றுவிடலாம். அதன் முன் பிரேக்கும் உங்களுக்கு உதவும்.

விடெக் ஒயரிங் எப்படி?

ஐந்தாம் தலைமுறை ஈசியூ பிளக்கில் நான்கு இடங்கள்: ஏ4 விடெக் சொலினாய்டு, டி6 விடெக் அழுத்த ஸ்விட்ச், டி3 நாக் சென்சார் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பதை உணர்வது), ஏ17 ஜிஎஸ்-ஆர் இன்டேக்கின் இரண்டாம் பாதையைத் திறக்கும் சொலினாய்டு. டி16இசட்6க்கு முதல் இரண்டும் போதும். பி18சி1க்கு நான்கும் வேண்டும். அழுத்த ஸ்விட்ச்சின் இரண்டாவது ஒயர் கிரவுண்டுக்குப் போகும். இதை மறந்தால் விடெக் வேலை செய்யாமல் செக் எஞ்சின் விளக்கு மட்டும் எரியும். ஏ17ஐ விட்டுவிட்டால் வண்டி ஓடும், ஆனால் அந்த இரட்டைப் பாதை இன்டேக்குக்குக் கொடுத்த காசு வீண்.

நாக் சென்சார் ஒயருக்குக் கவசம் போட்ட ஒயரே பயன்படுத்துங்கள். சாதாரண ஒயர் டிஸ்ட்ரிபியூட்டரின் இரைச்சலை எல்லாம் பிடித்து ஈசியூவைக் குழப்பும். ஒவ்வொரு சேர்ப்பையும் சால்டர் செய்து மேலே சுருங்கு குழாய் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய சேர்ப்பு ஒரு குளிர்காலம் தாங்காது.

எந்த ஈசியூ?

ஐந்தாம் தலைமுறைக்கு: டி16இசட்6க்கு பி28 ஈசியூ, பி18பி1க்கு பி75, பி18சி1க்கு பி72, பி16க்கு பி30. நான்கும் 1992–95 காலத்துப் பிளக்கில் நேராகச் செருகும் வகையாக இருக்க வேண்டும். பிந்தைய வருடங்களில் இதே எண்கள் வேறு பிளக்கோடும் வந்தன. சிப் போட்ட பி28ஐ எல்லா எஞ்சினுக்கும் வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அமெரிக்க பி28ல் நாக் சென்சாரைக் கேட்கும் சர்க்யூட் இல்லை. அதனால் பிரீமியம் பெட்ரோல் எஞ்சினுக்கு அதை வைத்தால், சிப்பில் எழுதியிருப்பது அந்த எஞ்சினுக்கென்றே டியூன் செய்ததா என்று உறுதி செய்யுங்கள். வாங்கினவருக்கே தெரியாத சிப் என்றால் தொடாதீர்கள்.

ஆறாம் தலைமுறையில் 1996–98க்கு ஒரு பிளக், 1999–2000க்கு வேறு பிளக். பழைய ஈசியூவைச் செருக மாற்று ஒயரிங் துண்டு கிடைக்கும், பத்து நிமிட வேலை. ஆனால் அப்படிச் செய்தால் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஓபிடி2 சோதனைப் பிளக் ஊமையாகிவிடும். புகைச் சோதனையில் அந்தப் பிளக்கில் கருவியை மாட்டும் மாநிலத்தில் இருந்தால் வண்டி அங்கேயே தோற்றது.

கே எஞ்சின் வைத்தால் என்ன?

நல்ல எஞ்சின், சந்தேகமில்லை. டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஆர்எஸ்எக்ஸ் டைப்-எஸ் கே20ஏ2 200 குதிரைத்திறன். டிஎஸ்எக்ஸ் கே24ஏ2 2,354 சிசி, கீழ்ச்சுற்றிலேயே மலை மாதிரி இழுவை.

ஆனால் இது இந்த வண்டிக்கு அந்நிய எஞ்சின். டி, பி எஞ்சின்கள் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றும். டைமிங் பக்கமும் கியர்பாக்ஸ் பக்கமும் இடம் மாறும். எக்ஸாஸ்ட் முன்னாலிருந்து பின்சுவர்ப் பக்கம் போகும். அதனால் மவுண்ட் தொகுதி, இதற்கென்றே செய்த ஆக்ஸில்கள், ஆர்எஸ்எக்ஸின் கியர் மாற்றும் தண்டுத் தொகுதியும் கேபிள்களும், மாற்று ஒயரிங், நிரல் மாற்றத்தக்க ஆர்எஸ்எக்ஸ் ஈசியூ, ஹெடர், எரிபொருள் திரும்பும் குழாயோடு சுமார் 50 பிஎஸ்ஐ வைக்கத்தக்க ரெகுலேட்டர் எல்லாம் வேண்டும். ஆர்எஸ்எக்ஸ் ஈசியூ சாவியைத் தேடும் இம்மொபிலைசர் வகை. நிரல் பலகை போட்டால்தான் அது அடங்கும். கே24ஏ2, 2006–11 சிவிக் எஸ்ஐயின் கே20இசட்3 இரண்டும் மின்சார த்ராட்டில். கேபிள் த்ராட்டில் மாற்ற வேண்டும். கே24 பிளாக் கே20ஐவிட 19.5 மி.மீ. உயரம். எந்த மவுண்ட் என்பதைப் பொறுத்து பானெட் இடிக்கும்.

கே20ஏ3 (அடிப்படை ஆர்எஸ்எக்ஸ், 2002–05 சிவிக் எஸ்ஐ), அக்கார்டின் கே24ஏ4 இரண்டும் 160 குதிரைத்திறன், சாதாரண பெட்ரோல், விலையும் குறைவு. தினசரி வண்டிக்குக் கே என்று முடிவு செய்தவர்கள் இவற்றைப் பார்க்கலாம். இருந்தாலும் மேலே சொன்ன பாகச் செலவில் ஒரு காசு குறையாது.

எச்22?

2.2 லிட்டர், பிரெலூடிலிருந்து வருவது. சிவிக்கின் மூக்குக்குப் பாரம். வளைவில் வண்டி திரும்ப மறுக்கும், முன் டயர் சீக்கிரம் தேயும். சிலிண்டர் சுவர் தனிக் கலவை என்பதால் வழக்கமான பிஸ்டன் ரிங் போட்டுப் புதுப்பிக்க முடியாது. வேலைக்குப் போகும் வண்டிக்கு வேண்டாம்.

எனக்கு வேகம் வேண்டாம், மைலேஜ்தான் வேண்டும்.

டி15இசட்1 (விஎக்ஸ்) அல்லது டி16ஒய்5 (எச்எக்ஸ்). இரண்டும் பெட்ரோலை மெலிதாகக் கலந்து எரிக்கும் வகை. அந்த வேலையைச் செய்வது ஐந்து ஒயர் ஆக்சிஜன் சென்சார். அது கெட்டால் மைலேஜும் போகும். புதிதின் விலை மற்ற சிவிக் சென்சார்களைவிடப் பல மடங்கு. வாங்கும் எஞ்சினோடு அந்த சென்சாரும் அதன் சொந்த ஈசியூவும் (விஎக்ஸுக்கு பி07) வராவிட்டால் பேரமே பேசாதீர்கள். விஎக்ஸ் கியர்பாக்ஸின் 3.250 இறுதி விகிதம்தான் பாதி மைலேஜைத் தருகிறது. டிஎக்ஸ் பெட்டி 4.058.

ஜப்பானிலிருந்து வரும் எஞ்சின் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் "குறைந்த கிலோமீட்டர்" என்ற பேச்சுக்கு ஆதாரம் எதுவும் கையில் வராது. கம்ப்ரெஷன் சோதனை, கீழே சொல்லும் பார்வைச் சோதனை இரண்டும்தான் ஆதாரம். புகைச் சோதனை கடுமையான இடங்களில் அமெரிக்கச் சான்று இல்லாத எஞ்சின் ஒத்துக்கொள்ளப்படாது. அதையும் முன்பே விசாரியுங்கள்.

கழற்றி வைத்திருக்கும் எஞ்சினை எப்படிச் சோதிப்பது?

ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தேன் நிறப் படிவு பரவாயில்லை. கறுப்புக் கட்டி வேண்டாம். மூடியின் அடியில் வெள்ளைக் கூழ் தண்ணீர் கலந்த அறிகுறி. வால்வு கவரைத் திறக்க விட்டால் கேம் முனைகளில் கீறல் இருக்கிறதா பாருங்கள். பிளக் குழிகளில் ஆயில் நின்றால் சீல் போயிருக்கிறது, அது சின்னச் செலவு. கிராங்க் கப்பியின் போல்ட்டில் சாக்கெட் மாட்டிக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் இடிக்கவோ சிக்கவோ கூடாது. கியர்பாக்ஸில் ஐந்து கியரும் ரிவர்ஸும் விழுகிறதா பார்த்து, வடிகால் போல்ட்டைக் கழற்றுங்கள். அதன் காந்த நுனியில் சாம்பல் நிறப் பசை இயல்பு. பல் துண்டு இருந்தால் திரும்பி நடங்கள்.

எண் பொறித்த இடம் தேய்த்திருந்தாலோ வெல்டிங் தெரிந்தாலோ வாங்காதீர்கள். சிவிக்கும் இன்டெக்ராவும் அதிகம் திருடு போகும் வண்டிகள். ரசீதில் எஞ்சின் எண்ணையும் அது வந்த வண்டியின் எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

உள்ளே வைக்கும் முன் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

டைமிங் பெல்ட், டென்ஷனர், தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட், கேம் சீல்கள், முன்பின் கிராங்க் சீல்கள், ஆயில் பேன் கேஸ்கெட், டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங், கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங். ஸ்டாண்டில் நிற்கும்போது ஒரு நாள் வேலை. வண்டிக்குள் போன பிறகு பின் கிராங்க் சீல் ஒழுகினால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். பி எஞ்சினின் கிராங்க் கப்பி போல்ட் 177 நியூட்டன் மீட்டர். சக்கரத்து ஆக்ஸில் நட் 32 மி.மீ. அளவு, 182 நியூட்டன் மீட்டர் முறுக்கி ஓரத்தை உளியால் மடக்க வேண்டும். பழைய நட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

முதல் தடவை எப்படி ஸ்டார்ட் செய்வது?

மெயின் ரிலேயை (ஈசியூவுக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் தருவது) கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை பத்துப் பத்து வினாடியாக ஸ்டார்ட்டரை ஓட்டுங்கள். ரிலேயை மாட்டி சாவியைத் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு வினாடி முனகி நிற்க வேண்டும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் மேலே போகாதீர்கள். ஸ்டார்ட் ஆனதும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் உறைக்கு அருகே உள்ள காற்றுப் போல்ட்டைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் தண்ணீர் வரும் வரை விடுங்கள். ரேடியேட்டர் விசிறி இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை அருகிலேயே இருங்கள்.

பிறகு டைமிங். பயணி பக்கக் கால்வைக்கும் இடத்தில் உள்ள இரண்டு முனை சர்வீஸ் பிளக்கை ஒயரால் இணைத்து, சூடான ஐடிலில் டைமிங் லைட் அடியுங்கள். டி16இசட்6, பி18பி1, பி18சி1 மூன்றுக்கும் 16 டிகிரி, இரண்டு டிகிரி முன்பின். பிளக்கை இணைக்காமல் பார்த்தால் ஈசியூ தானே டைமிங்கை நகர்த்திக்கொண்டிருக்கும், வரும் எண் பொய்.

ஐடில் ஏறி இறங்குகிறது, விளக்கு எரிகிறது. எங்கே பார்ப்பது?

முதலில் கிரவுண்ட். தெர்மோஸ்டாட் உறையில் ஈசியூவின் கிரவுண்ட் ஒயர் ஒரு போல்ட்டில் மாட்டும். எஞ்சினை இறக்கும் அவசரத்தில் அதிகம் மறந்துபோவது இந்த ஒரு போல்ட்தான். அது தொங்கினால் ஐடில் ஆடும், மீட்டர்கள் குதிக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோடுகள் (பழுதுக் குறியீடுகள்) வரும். சென்சார் வாங்கி மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைக்கும் முன் அங்கே கையை விட்டுப் பாருங்கள். அடுத்து எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் கிரவுண்ட் பட்டையும் கியர்பாக்ஸிலிருந்து பேட்டரிக்குப் போவதும். இவை சரியாக இருந்தும் ஐடில் ஆடினால் கூலன்ட்டில் காற்று, அல்லது வேக்குவம் ஹோஸ் கழன்றிருக்கிறது.

ஐந்தாம் தலைமுறையில் அதே சர்வீஸ் பிளக்கை இணைத்தால் விளக்கு சிமிட்டிக் கோடு சொல்லும். நீளச் சிமிட்டல் பத்து, குட்டை ஒன்று. 3 மேப் சென்சார் (இன்டேக் அழுத்தம்), 4 கிராங்க், 6 கூலன்ட் சூடு, 7 த்ராட்டில், 21 விடெக் சொலினாய்டு, 22 விடெக் அழுத்த ஸ்விட்ச், 23 நாக். 22 வந்தால் ஒயரைப் பார்க்கும் முன் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்தாலும் அழுத்தம் வராமல் இதே கோடு வரும்.

வெயிலில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாமல், சற்றுக் குளிர்ந்ததும் ஆனால் புது எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள். மெயின் ரிலேயின் உள்ளே சால்டர் வெடித்திருக்கும். இந்த வருட ஹோண்டாக்களுக்கே உள்ள நோய். பெட்டியைத் திறந்து அந்தப் புள்ளிகளை மறுபடி உருக்கினால் சரியாகும்.

பிரேக்கை மாற்ற வேண்டுமா?

டி16க்குத் தேவையில்லை, இருப்பது நல்ல நிலையில் இருந்தால் போதும். பி, கே வைத்தால் கட்டாயம். இன்டெக்ராவின் 262 மி.மீ. முன் டிஸ்க் அதன் நக்கிளோடு நேராகப் பூட்டும். பின் டிரம்மை டிஸ்க்காக மாற்ற இன்டெக்ராவின் பின் சஸ்பென்ஷன் கையையே (டிரெய்லிங் ஆர்ம்) போடலாம். அப்போது மாஸ்டர் சிலிண்டரும் அழுத்தம் பிரிக்கும் வால்வும் சேர்த்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் பெடல் ஆழமாகப் போகும், பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும்.

என்னுடையது ஆட்டோமேட்டிக்.

பெடல் தொகுதி, கிளட்ச் மாஸ்டர், ஸ்லேவ், குழாய், கியர் தண்டு, மேனுவல் ஈசியூ, நியூட்ரல் ஸ்விட்ச் ஒயரிங் எல்லாம் கூடுதல். பலருக்கும், மேனுவல் சிவிக் ஒன்றை வாங்கி அதில் தொடங்குவதே மலிவு.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்கக் கூட்டாட்சி விதியின் சாரம்: எஞ்சின் மாற்றிய வண்டி, அதே வருடத்திலோ அதற்குப் பின்னரோ சான்று பெற்ற ஒரு வண்டியின் அமைப்போடு ஒத்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் எஞ்சின் வண்டியின் வருடமோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும், அதே வகை வண்டியிலிருந்து வந்திருக்க வேண்டும், அதன் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் ஒன்று விடாமல் பூட்டி வேலை செய்ய வேண்டும். ரெஃபரி என்ற அரசு அங்கீகார நிலையம் பார்த்து பட்டை ஒட்டிய பிறகே வழக்கமான சோதனை. அதாவது 1998 சிவிக்கில் 1995 எஞ்சின் அங்கே செல்லாது. எஞ்சின் தேடும் முன் இந்த ஒரு விதியை நினைவில் வையுங்கள்.

கனடாவின் ஒன்டாரியோவில் கார்களுக்கான டிரைவ் கிளீன் புகைச் சோதனை 2019 ஏப்ரல் 1 முதல் இல்லை. அதற்காகக் கன்வர்ட்டரைக் கழற்றலாம் என்று அர்த்தமில்லை, புகை விதி அப்படியே இருக்கிறது. எங்கே இருந்தாலும் இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்து நாளன்று கிளெய்மை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

வேலைக்குப் போகும் வண்டியை எத்தனை நாள் நிறுத்த வேண்டியிருக்கும்?

எல்லாப் பாகமும் தரையில் பரப்பி வைத்திருந்தால், இரண்டு பேர் சேர்ந்து டி16 மாற்றத்தை ஒரு வார இறுதியில் முடிக்கலாம். பி மாற்றத்துக்கு நீண்ட விடுமுறை ஒன்றை ஒதுக்குங்கள். கே என்றால் வேலைக்குப் போக வேறு வண்டி இருக்க வேண்டும். பட்டியலில் ஒரு பிராக்கெட் இன்னும் தபாலில் வந்துகொண்டிருக்கிறது என்றால் பழைய எஞ்சினின் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள். கழற்றும்போது ஒவ்வொரு பிளக்கிலும் டேப் ஒட்டி எழுதுங்கள், போல்ட்டுகளை இடம் எழுதிய தனித்தனிப் பையில் போடுங்கள். பழைய எஞ்சினையும் ஈசியூவையும், புதியது ஆயிரம் கிலோமீட்டர் ஒழுகாமல் ஓடும் வரை விற்காதீர்கள்.